கப்ளிங் கண்டென்சர்: பிணைப்பதா, தடுப்பதா?

சென்னை ரிச்சி தெருவில் "மின்தேக்கி கொடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் ஒரு நொடி யோசிப்பார். "கண்டென்சர்" என்றால் கை தானாக டப்பாவுக்குப் போய்விடும். இந்தப் பெயர் 1782-இல் இத்தாலிய அறிஞர் வோல்ட்டா வைத்தது. மின்சாரத்தைச் செறித்து வைக்கும் கருவி என்று பொருள். பிற்பாடு வந்த 'கெப்பாசிட்டர்', கொள்ளுதல் என்னும் லத்தீன் வேரில் பிறந்தது. இலங்கைப் பாடநூல்களின் 'கொள்ளளவி' அந்த வேரைப் பிடித்துக்கொண்டது. தமிழ்நாட்டின் 'மின்தேக்கி' அதன் வேலையைச் சொல்கிறது. இரண்டும் நல்ல சொற்களே.

சிக்கல் 'கப்ளிங்'கில்தான். கட்டு, தளை என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பலர் 'இணைப்பு' என்று எழுதுகிறார்கள். மின்சுற்றில் எதுதான் இணைப்பு இல்லை? தொடரிணைப்பு, பக்க இணைப்பு என்று ஏற்கெனவே அந்தச் சொல்லுக்கு வேலை அதிகம். எனக்குப் பிடித்தது 'பிணைப்பு'. களத்தில் போரடிக்க மாடுகளைச் சேர்த்துக் கட்டுவதைப் பிணையல் என்பார்கள். நடை ஒன்று, ஆனால் மாடுகள் தனித்தனி.

ஆம்ப்ளிஃபையரில் நடப்பதும் அதேதான். 12 வோல்ட் ஒற்றை சப்ளையில் ஓடும் சுற்றில் ஐசியின் (பாட்டைப் பெருக்கும் சில்லு) உள்ளீட்டு முனை வழக்கமாக 6 வோல்ட்டில் நிற்கும். பாட்டு வரும் ஃபோன் பக்கமோ 0 வோல்ட். நேராகக் கம்பி போட்டால் அந்த 6 வோல்ட் நிலை குலைந்துவிடும். நடுவில் மின்தேக்கி இருந்தால் பாட்டின் மாறுமின்னோட்டம் போகும், நேர்மின்னோட்டம் நிற்கும். அதனால்தான் இதற்கே 'தடுப்பு மின்தேக்கி' என்றும் பெயர். வேடிக்கை என்னவென்றால், டிடிஏ2030 என்னும் ஆம்ப்ளிஃபையர் ஐசியின் தகவல்தாள் உள்ளீட்டில் உள்ள இந்த 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை நேர்மின்னோட்ட 'டீகப்ளிங்' என்கிறது, அதாவது பிணைநீக்கம்! பாட்டைப் பார்த்தால் பிணைப்பு, நேர்மின்னோட்டத்தைப் பார்த்தால் பிணைநீக்கம். சுற்றின் நோக்கம் பாட்டு என்பதால் நான் 'பிணைப்பு மின்தேக்கி' என்றே எழுதுகிறேன்.

சரி, எந்த அளவு வாங்குவது? 159-ஐ உள்ளீட்டு மின்தடையாலும் (கிலோஓமில்) மின்தேக்கி அளவாலும் (மைக்ரோஃபாரடில்) வகுத்தால், எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே ஒலி குறையத் தொடங்குமோ அது ஏறக்குறையக் கிடைக்கும். 22 கிலோஓமுக்கு 1 மைக்ரோஃபாரட் போட்டால் சுமார் 7 ஹெர்ட்ஸ். காது கேட்பது 20-இலிருந்துதான், ஆகவே போதும். வால்வு ஆம்ப்ளிஃபையரில் மின்தடை 1 மெகாஓம் இருந்தால் 0.022 மைக்ரோஃபாரடே அதே 7-ஐத் தரும்.

ஒருமுறை 105 (1 மைக்ரோஃபாரட்) என்று அச்சிட்டதற்குப் பதிலாக 104-ஐ (0.1 மைக்ரோஃபாரட்) பற்றவைத்துவிட்டேன். கடைசி எண், முன்னுள்ள 10-க்குப் பின் போட வேண்டிய சுழியங்களின் எண்ணிக்கை; அளவு பிக்கோஃபாரடில். ஒரு சுழியம் குறைந்ததில் 7 ஹெர்ட்ஸ் 72 ஆகிவிட்டது. பாட்டு கேட்டது, மிருதங்கத்தின் தொப்பி மட்டும் அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல் ஒலித்தது. பாதி நாள் ஸ்பீக்கரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

வகையில் ஃபிலிம்தான் என் தேர்வு, கடையில் மைலர் என்று கேட்டால் கிடைக்கும். அதிகக் கொள்ளளவுள்ள செராமிக் வேண்டாம்; மின்னழுத்தம் மாறும்போது அதன் கொள்ளளவும் மாறி ஒலி திரியும். எலக்ட்ரோலைட்டிக்தான் கையில் இருக்கிறது என்றால், மேலே சொன்ன சுற்றில் அதன் நேர்முனை ஐசி பக்கம் இருக்கட்டும். 6 வோல்ட் நிற்பது அங்கேதான்.