பில்லே இல்லாத ஆஸ்பத்திரிக்கு 10 லட்சம் காப்புறுதி எதற்கு?

போன மாதமும் ஒருவர் வந்தார். ஒட்டுசுட்டான் பக்கத்து வயல்காரர். எலிக்காய்ச்சலில் 9 நாள் அரசாங்க ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பியவர். கையில் 10 லட்சம் ரூபாய் மருத்துவக் காப்புறுதிப் பத்திரம், மடிப்புக்கூடக் கலையவில்லை.

"தம்பி, இதில எவ்வளவு வரும்?"

"அண்ணை, பில்லைத் தாங்கோ."

"தர்ம ஆஸ்பத்திரியில ஏது தம்பி பில்?"

விஷயம் அவ்வளவுதான். அந்தப் பத்திரத்தில் அவருக்கு ஒரு சதமும் வராது. காப்புறுதிக் கோரிக்கைகளைச் சரிபார்ப்பது என் வேலை. ஆசை காட்டிக் கையெழுத்து வாங்குவது ஒருவர், முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வது நான். அலுத்துவிட்டது.

பத்திரத்தில் எழுதியிருக்கும் 10 லட்சம் உங்களுக்குத் தருவதாகச் சொன்ன காசு அல்ல. அது உச்ச வரம்பு. நீங்கள் செலவழித்து, பில்லைக் கொண்டுவந்து காட்டினால், அந்த வரம்புக்குள் திருப்பித் தருவார்கள். 40,000 ரூபாய்க்குப் பில் என்றால் 40,000க்கு மேல் ஒரு ரூபாயும் கிடையாது. அதிலும் அறை வாடகைக்கு ஒரு வரம்பு, சத்திரசிகிச்சைக்கு ஒரு வரம்பு என்று வைத்திருந்தால் இன்னும் குறையும். பில் பூச்சியம் என்றால் கொடுப்பனவும் பூச்சியம். இதைச் சொன்னால், "அப்ப நான் கட்டின காசு?" என்று கேட்கிறார்கள். சீட்டுக் கட்டினால் கழிவு போக என்றைக்காவது கைக்கு வரத்தானே வேணும், அப்படித்தான் இதையும் நினைக்கிறார்கள். நோய் வந்துவிட்டது என்பதற்காக இந்த வகைப் பத்திரம் காசு தராது. ஆஸ்பத்திரிக்கு நீங்கள் காசு கட்டியிருந்தால்தான் தரும்.

சரி, வன்னியில் நாங்கள் எந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்? டெங்கு என்றாலும் விபத்து என்றாலும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்ட ஆஸ்பத்திரிகள்தான். 1990க்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸும் இலவசம். மேலே அனுப்பினால் யாழ்ப்பாணம் அல்லது அநுராதபுரம் போதனா வைத்தியசாலை, அதுவும் இலவசம். (பாம்பு கடித்தால் தனியார் ஆஸ்பத்திரி தேடி நேரத்தைப் போக்காதீர்கள். நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.) எங்கள் ஆட்களுக்குக் காசு போவது வேறு வழிகளில். வான் வாடகை, கூட நிற்பவரின் சாப்பாடு, வெளியில் எடுத்துவரச் சொல்லும் ஸ்கான், எல்லாவற்றுக்கும் மேலே நின்றுபோன கூலி. இவற்றில் பெரும்பாலானவற்றை பில் பார்த்துத் தரும் பத்திரம் தொடாது.

அதனால் வயல், கடல், கூலி வேலை செய்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது நாளாந்தக் கொடுப்பனவு பற்றித்தான். வாட்டில் படுத்த ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு என்று தருவது. பில் தேவையில்லை, வாட்டை விட்டு வரும்போது ஆஸ்பத்திரி தரும் நோய் நிர்ணய அட்டை போதும். ஆனால் முகவரை இருத்தி வைத்துக் கேளுங்கள்: அரசாங்க ஆஸ்பத்திரிக்கும் அதே தொகையா, எத்தனையாவது நாளிலிருந்து கணக்கு, வருடத்துக்கு எத்தனை நாள் வரை? "எல்லாம் இருக்கு ஐயா" என்பது பதில் இல்லை. பத்திரத்தில் எங்கே என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

பில் பார்த்துத் தரும் திட்டம் கூடாது என்று சொல்லவில்லை. யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ தனியாரிடம்தான் காட்டுவேன் என்று முடிவெடுத்தவருக்கு அது வேண்டும். குடும்பத்துக்கே ஒரு தொகை என்றால் ஒருவரின் சத்திரசிகிச்சையோடு அந்த வருடத்துத் தொகை முடிந்துவிடலாம் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

பாரதூரமான நோய்களுக்கான காப்பு வேறு. புற்றுநோய், மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு போன்றவை உறுதியானால் ஒரே தொகையாகத் தருவது. வரைவிலக்கணம் இறுக்கமானது. நெஞ்சுவலிக்கு இரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தால் அது பத்திரம் சொல்லும் மாரடைப்பில் அடங்காமலும் போகலாம். காத்திருப்புக் காலமும் உண்டு, பத்திரம் எடுத்து அந்தக் காலம் முடிவதற்குள் நோய் வந்தால் காசு கிடையாது. வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் இருக்கும் ஊர்க்காரர்கள், இரத்தப் பரிசோதனையில் கிரியேற்றினின் கூடி (சிறுநீரகம் பழுதாவதன் அடையாளம்) கிளினிக் போகத் தொடங்கிய பிறகு இதைத் தேடுவதில் பிரயோசனமில்லை.

அரச ஊழியர்களுக்கு ஏற்கெனவே அக்ரஹார என்ற மருத்துவக் காப்புறுதி இருக்கிறது. சம்பளத்தில் மாதாமாதம் கழிகிறது, ஆனால் அதில் என்னென்ன கிடைக்கும் என்று பார்த்த ஆசிரியர்கள் எத்தனை பேர்? முதலில் அதைப் பாருங்கள். வெளியில் இன்னொரு பில் திட்டம் எடுத்தாலும் ஒரே பில்லுக்கு இரண்டு இடத்தில் முழுக்காசு வாங்க முடியாது.

இன்னொன்று. மருத்துவக் காப்பு அநேகமாக ஆயுள் காப்புறுதியில் ஒட்டிக்கொண்டுதான் வரும். தாய்ப் பத்திரம் காலாவதியானால் அதுவும் போச்சு. மாதக் கட்டுப்பணம் சம்பளக்காரருக்குச் சரி. காலபோகம் வெட்டிய பிறகுதான் கையில் காசு பார்ப்பவர் ஏன் மாதாமாதம் கட்டப் போகிறார்? வருடக் கட்டாகப் போட்டு, நெல் விற்கும் காலத்தில் கட்டுங்கள். கட்டாமல் விட்டுப் பிறகு புதுப்பித்தால் காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம்.

தயவுசெய்து வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். "சீனி இருக்கெண்டு முகவருக்குத் தெரியும்தானே" என்கிறார்கள். முகவரின் மனதில் இருப்பதை வைத்து நாங்கள் முடிவெடுப்பதில்லை, படிவத்தில் இருப்பதைத்தான் பார்க்கிறோம். அங்கே 'இல்லை' என்று இருக்க, கிளினிக் கொப்பியில் சீனி வருத்த மருந்தான மெற்ஃபோமின் முன்பே எழுதியிருந்தால் கோரிக்கை அதோடு சரி. அப்புறம், படிவத்தையும் பத்திரத்தையும் தமிழில் கேளுங்கள். ஆயுள் காப்புறுதிப் பத்திரம் கைக்கு வந்து 21 நாட்களுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம். அந்த நாட்களில் ஒரு முறையாவது படியுங்கள், வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் படிக்கச் சொல்லுங்கள்.

கனடாவிலும் லண்டனிலும் இருந்து அம்மாவுக்கு இன்சூரன்ஸ் போடச் சொல்லும் தம்பிமாருக்கு: 70 வயதில் புதிதாக எடுப்பது மிகக் கடினம், இருக்கிற நோய்க்கு அநேகமாகக் காப்பும் கிடையாது. அந்தக் காசை அம்மாவின் பெயரில் வங்கியில் போட்டு வையுங்கள், கிளினிக் போய்வர ஓட்டோவுக்காவது உதவும். பெரிய சத்திரசிகிச்சை என்றால் ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்குப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் கடிதத்தைக் கிழித்து எறியாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேட்டு, முதலில் கம்பனிக்கே முறையிடுங்கள். சரிவராவிட்டால் இப்படியான முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார், அவரிடம் முறையிடக் கட்டணம் இல்லை. காப்புறுதிக் கம்பனிகளைக் கண்காணிக்கும் ஆணைக்குழுவும் இருக்கிறது. அதற்குப் பத்திரம், படிவத்தின் பிரதி, நோய் நிர்ணய அட்டை, கட்டிய பற்றுச்சீட்டுகள் எல்லாம் வேண்டும். அட்டையை வாட்டை விட்டு வரும் அன்றைக்கே போட்டோக் கொப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.