பிள்ளை பெற்ற மாதங்கள் பென்ஷனில் எங்கே போகின்றன? ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கு ஒரு விளக்கம்

சம்பளமில்லா விடுப்பில் இருந்த நாட்களுக்கு பி.எஃப் பென்ஷனில் வரவு கிடையாது. பிள்ளைப்பேற்றுக்காக எடுத்த விடுப்பு என்றாலும் கிடையாது. பிறகு கையிலிருந்து பணம் கட்டி அந்த மாதங்களை மீட்கவும் வழியில்லை. நீலகிரியில் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி பக்கம் ஆம்புலன்ஸில் ஓடும் பெண்கள் பலர் "அது மெட்டர்னிட்டி லீவுதானே, சர்வீஸ்ல சேர்ந்துடும்" என்று யாரோ சொன்னதை நம்பியிருக்கிறார்கள். அதனால்தான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஜெர்மனி போன்ற நாடுகளில் பிள்ளை வளர்த்த காலத்துக்கு ஓய்வூதியக் கணக்கில் வரவு வைக்கிறார்கள். இங்கே இல்லை. இல்லாததைப் பற்றிப் புலம்புவதைவிட, இருப்பதையும் எப்படிப் பறிகொடுக்கிறார்கள் என்று பார்ப்போம்.

108 சேவை தமிழ்நாட்டில் 2008இல் தொடங்கியது. சேவை அரசினுடையது, ஆனால் வண்டியில் இருக்கும் மருத்துவ உதவியாளரும் பைலட்டும் (ஓட்டுநர்) அரசு ஊழியர்கள் இல்லை. ஊட்டி அரசு மருத்துவமனை வாசலில் ஸ்ட்ரெச்சரை வாங்கிக்கொள்ளும் நிரந்தர செவிலியருக்கு, 2021 ஜூலை முதல் 12 மாதம் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு. ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவந்து கொடுப்பவருக்கு 26 வாரம். தனியார் ஆஸ்பத்திரி வண்டி, எஸ்டேட் ஆஸ்பத்திரி வண்டி, அவசர சிகிச்சைப் பிரிவின் ஒப்பந்த ஊழியர் என்று பி.எஃப் பிடிக்கப்படும் எல்லோருக்கும் கீழே சொல்வது பொருந்தும்.

திட்டம் 1995ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதியத் திட்டம். நிறுவனம் கட்டும் பங்கிலிருந்து சம்பளத்தில் 8.33 சதவீதம் இதற்குப் போகிறது. சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 15,000 ரூபாய் வரைதான் கணக்கு, அதாவது மாதம் 1,250 ரூபாய். 58 வயதில், கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுத்தால் வருவது மாதப் பென்ஷன். குறைந்தது பத்தாண்டுப் பணி வேண்டும். 15,000 சம்பளக்காரருக்கு ஓர் ஆண்டு போனால் சாகும்வரை மாதம் 214 ரூபாய் போகிறது. சின்னத் தொகைதான். ஆனால் மொத்தப் பென்ஷனே நாலாயிரத்தைத் தாண்டுமா என்று பார்ப்பவருக்கு அது சின்னது இல்லை.

26 வாரத்திலேயே ஒரு கண்ணி

1961ஆம் ஆண்டின் பேறுகாலப் பயன் சட்டம் 2017இல் திருத்தப்பட்ட பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். அந்த 26 வாரத்துக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்பதுதான் பென்ஷனைத் தீர்மானிக்கிறது.

நிறுவனமே சம்பளமாகக் கொடுத்தால் அது சம்பளத்தோடு கூடிய விடுப்பு. 1952ஆம் ஆண்டு பி.எஃப் சட்டத்தில் அடிப்படைச் சம்பளத்துக்கு உள்ள விளக்கத்தில் பணியில் ஈட்டியதும் வருகிறது, சம்பளத்தோடு கூடிய விடுப்பில் ஈட்டியதும் வருகிறது. ஆகவே பி.எஃப் பிடிக்கவில்லை என்றால் அந்த விளக்கத்தைக் காட்டி எழுத்தில் கேளுங்கள்.

மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் உள்ளவர்களுக்குக் கதை வேறு. அவர்களுக்குப் பணம் இ.எஸ்.ஐ எனும் தொழிலாளர் காப்பீட்டிலிருந்து வரும். கணக்கில் முழுச் சம்பள அளவு விழும், மனசும் நிறையும். ஆனால் நிறுவனம் சம்பளம் தராததால் பி.எஃப்பும் கட்டாது. பெரும்பாலான இடங்களில் அந்த 26 வாரமும் மாதாந்திரக் கணக்கில் 'என்.சி.பி நாட்கள்' என்று ஏறும், அதாவது பங்களிப்பு இல்லாத நாட்கள். காசு வந்த விடுப்புதான், ஆனாலும் பென்ஷனுக்கு அது சம்பளமில்லா விடுப்பு. இதை எச்.ஆரில் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

26 வாரம் முடிந்ததும் உடனே வேலைக்குத் திரும்ப மலையில் எத்தனை பேரால் முடிகிறது? 12 மணி நேர ஷிஃப்ட், ராத்திரி டியூட்டி, வீட்டில் பால்குடிக் குழந்தை. மாமியார் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விடுவார். அதனால் மூன்று மாதமோ நான்கு மாதமோ எல்.ஓ.பி, அதாவது சம்பளமில்லா விடுப்பு, கேட்கிறார்கள். கேட்பதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: கர்ப்பத்தாலோ பிரசவத்தாலோ குறைமாதப் பிரசவத்தாலோ உடம்பு முடியாமல் போனால், மருத்துவச் சான்றோடு இன்னும் ஒரு மாதம் வரை பணத்தோடு விடுப்பு உண்டு. சட்டத்திலும் உண்டு, இ.எஸ்.ஐயிலும் உண்டு. மிச்சமிருக்கும் ஈட்டிய விடுப்பையும் முதலில் போடுங்கள், அதற்குச் சம்பளமும் வரும், பி.எஃப்பும் வரும். எல்.ஓ.பி கடைசியில் இருக்கட்டும்.

மாதத்தில் ஒரு நாள் வேலை பார்த்துவிட்டால் அந்த மாதம் முழுசாக வந்துவிடும் என்று ஒரு பேச்சு ஸ்டேஷன்களில் சுற்றுகிறது. வராது. என்.சி.பி நாள் கணக்கில்தான் கழியும்.

விடுப்பில் அனுப்பிவிட்டு 'விலகினார்' என்று எழுதுவது

எல்.ஓ.பியால் சில நூறு ரூபாய் போகும். இது மொத்தத்தையும் கொண்டுபோய்விடும்.

பந்தலூர் பக்கத்துப் பெண் ஒருவருடைய பி.எஃப் கணக்கைப் பார்க்க நேர்ந்தது. ஒரு ஒப்பந்த நிறுவனத்தின் வண்டியில் மருத்துவ உதவியாளர். பேறுகால விடுப்பு முடிந்ததும் நான்கு மாதம் நீட்டிக் கேட்டிருக்கிறார். மேற்பார்வையாளர் வாட்ஸப்பில் 'ஓகே சிஸ்டர், டேக் கேர்' என்று பதில் போட்டிருக்கிறார். விடுப்புக்கு இருந்த ஆதாரம் அவ்வளவுதான். திரும்பி வந்த அன்று காலை வண்டியின் பானெட்டில் வைத்துச் சில தாள்களில் கையெழுத்து வாங்கினார்கள். "ஃபார்மாலிட்டிதான்ங்க" என்றார்களாம். அது புதிய பணி நியமனப் படிவம். பழைய பி.எஃப் உறுப்பினர் எண்ணில் வெளியேறிய தேதி போட்டு, காரணம் 'சொந்த விருப்பத்தில் விலகல்' என்று பதிவு செய்திருந்தார்கள். புதிய எண்ணில் கணக்கு முதலிலிருந்து தொடங்கியிருந்தது.

அவர் விடுப்பில் இருந்தாரா, வேலையை விட்டாரா என்பது வெறும் பெயர் விஷயம் இல்லை. வேலையில் இருக்கும் உறுப்பினர் இறந்தால், ஒரு மாதப் பங்களிப்பு கட்டியிருந்தாலே கணவருக்கோ மனைவிக்கோ பென்ஷன் உண்டு, இரண்டு குழந்தைகளுக்கு 25 வயது வரை உண்டு. வேலையை விட்டவர் என்று பதிவானவர் 58க்கு முன் இறந்தால், அதே பென்ஷனுக்குப் பத்தாண்டுப் பணி முடித்திருக்க வேண்டும். கல்லட்டி இறக்கத்தில் பனிமூட்டத்தில் வண்டி ஓட்டுபவர்களுக்கு இந்த வித்தியாசத்தை நான் விளக்க வேண்டியதில்லை. பேறுகால விடுப்பில் இருக்கும் பெண்ணை வேலைநீக்கம் செய்வதும் சட்டத்துக்குப் புறம்பு. அதனால்தான் 'நீக்கினோம்' என்று எழுதாமல் 'விலகினார்' என்று எழுதுகிறார்கள்.

ஆகவே எல்.ஓ.பி கேட்கும்போது வாட்ஸப் வேண்டாம். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று எழுதி, 'பணித்தொடர்ச்சியோடு கூடிய சம்பளமில்லா விடுப்பு' என்ற சொற்களைப் போட்டு மின்னஞ்சலில் அனுப்புங்கள். பதில் வரவில்லையென்றால் அதே கடிதத்தைப் பதிவுத்தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். திரும்பிச் சேரும் நாளில் நீட்டும் தாளில் 'நியமனம்' என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். 'விடுப்பு முடிந்து பணிக்குத் திரும்புகிறேன்' என்று நீங்களே ஒரு கடிதம் கொடுத்து, நகலில் தேதியோடு கையொப்பம் வாங்குங்கள். தர மறுத்தால் அதையும் அன்றே மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள்.

10சி படிவம்: நெட் சென்டரில் நடப்பது

வெளியேறிய தேதி போட்டாகிவிட்டது, கையில் காசில்லை, குழந்தைக்குச் செலவு. 'பி.எஃப் பணம் எடுத்துத் தரப்படும்' என்று பலகை வைத்த கடைக்குப் போகிறார்கள். அங்கே உள்ள தம்பி படிவம் 19ஐயும் 10சியையும் சேர்த்தே போட்டுவிடுகிறார். முதலாவது பி.எஃப் பணத்துக்கு, இரண்டாவது பென்ஷன் பணத்துக்கு. 10சியில் பணம் வாங்கிய நொடியில் அதுவரையிலான பென்ஷன் பணிக்காலம் போய்விடும். ஏழாண்டு ஓடியிருந்தாலும் திரும்பச் சேரும்போது பூஜ்ஜியம்தான். வாங்கியதைத் திருப்பிக் கட்டுகிறேன் என்று பிறகு அழுதாலும் எடுபடாது.

பணம் தேவையென்றால் படிவம் 31 மூலம் பி.எஃப் பங்கிலிருந்து முன்பணம் கேளுங்கள், அது பென்ஷனைத் தொடாது. உண்மையாகவே வேலையை விடுவதானால், அதே 10சியில் பணத்துக்குப் பதில் 'திட்டச் சான்றிதழ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பணிக்காலம் அதில் காப்பாக இருக்கும், அடுத்த வேலையில் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டு உறுப்பினர் எண்கள் ஏற்கெனவே உருவாகிவிட்டிருந்தால், இரண்டும் ஒரே யூ.ஏ.என்னுக்குள் (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப் பொது எண்) இருக்கின்றனவா என்று பார்த்து, பழையதைப் புதியதற்கு மாற்றக் கோருங்கள். பணம் எடுக்காதவரை பழைய ஆண்டுகள் சேரும்.

20 ஆண்டை நெருங்குபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பென்ஷனுக்கான பணி 20 ஆண்டு முடித்து 58இல் ஓய்வு பெற்றால் கூடுதலாக இரண்டு ஆண்டு போட்டுக் கணக்கிடுவார்கள். 15,000 சம்பளத்தில் 22 ஆண்டுக்கு 4,714 ரூபாய். என்.சி.பி கழிந்து 19 ஆண்டு 4 மாதம் என்று நின்றால், ஆறு மாதத்துக்குக் குறைந்த மிச்சம் விடுபட்டு 19 ஆண்டுக்கு 4,071 ரூபாய்தான். முதல் பிரசவத்தின்போது யாரும் கணக்குப் பார்க்காத எட்டு மாதம் இங்கேதான் வந்து இடிக்கும்.

அப்பாக்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தனியார், ஒப்பந்த ஊழியருக்குத் தந்தைமை விடுப்பு என்று சட்டத்தில் எதுவும் இல்லை. பைலட்கள் எடுப்பது எல்.ஓ.பிதான். முடிந்தவரை ஷிஃப்ட் மாற்றிக்கொள்ளுங்கள்.

பார்ப்பது எப்படி, அலைவது எப்படி

யூ.ஏ.என் தளத்தில் பணி வரலாறு என்ற பகுதியில் சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி பாருங்கள். பாஸ்புக்கில் மாதாமாதம் பென்ஷன் பங்கு என்ற பத்தியைப் பாருங்கள். விடுப்பு முடிந்து சம்பளம் வாங்கிய மாதத்திலும் அங்கே பூஜ்ஜியம் இருந்தால் யாரோ என்.சி.பியை நிறுத்த மறந்திருக்கிறார்கள். வார ஓய்வு நாட்களையும் என்.சி.பியில் ஏற்றிவிடும் கெட்டிக்காரர்களும் உண்டு. சேர்ந்த நாளிலிருந்தே அந்தப் பத்தி பூஜ்ஜியமாக இருந்தால் விஷயம் வேறு: 2014 செப்டம்பருக்குப் பிறகு முதன்முதலாக 15,000 ரூபாய்க்கு மேல் சம்பளத்தில் பி.எஃப்பில் சேர்ந்தவர்கள் இந்தப் பென்ஷனுக்குள்ளேயே வரமாட்டார்கள்.

தவறு கண்டால் உடனே கோவைக்குப் பஸ் ஏறாதீர்கள். கூடலூரிலிருந்து ஊட்டி, குன்னூர், மேட்டுப்பாளையம் வழியாக இறங்கி, டோக்கன் வாங்கி உட்கார்ந்தால், "உங்க கம்பெனி கணக்கு இங்க இல்லைங்க" என்ற பதில் கிடைக்கலாம். கோப்பு இருப்பது நிறுவனம் பதிவாகியுள்ள அலுவலகத்தில், நீங்கள் வேலை பார்க்கும் மாவட்டத்துக்கு உரியதில் இல்லை. உறுப்பினர் எண்ணின் முதல் ஐந்து எழுத்துகளே எந்த அலுவலகம் என்று சொல்லிவிடும். அதைக்கூட கவுண்ட்டரில் எழுதி ஒட்ட மாட்டார்கள்.

வெளியேறிய தேதியைத் திருத்தப் பல நேரங்களில் நிறுவனமும் நீங்களும் சேர்ந்து கூட்டு உறுதிமொழி கொடுக்க வேண்டியிருக்கும். அங்கேதான் பந்து உருளும். எச்.ஆர் "பி.எஃப் ஆபீஸ்ல கேளுங்க" என்பார், பி.எஃப் ஆபீஸ் "எம்ப்ளாயர்கிட்ட போங்க" என்னும், மேற்பார்வையாளர் "மேல அனுப்பியிருக்கேன்" என்பார். யாரிடமும் வாய்வார்த்தையில் பேசாதீர்கள். பி.எஃப் குறைதீர்ப்புத் தளத்தில் புகார் பதிந்து எண் வாங்குங்கள். விடுப்புக் கடிதம், விடுப்புக்கு முந்தைய சம்பளச் சீட்டு, திரும்பிய பிறகு வந்த ஷிஃப்ட் பட்டியல், இ.எஸ்.ஐ பணம் வந்த வங்கிப் பக்கம் ஆகியவற்றை முதல் புகாரிலேயே இணையுங்கள். 'நிறுவனத்தை அணுகவும்' என்று ஒரு வரி எழுதி மூடிவிடுவார்கள். நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தையும் இணைத்து மறுபடி போடுங்கள். அதோடு பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு ஒன்று: என் உறுப்பினர் எண்ணில் எந்தெந்த மாதம் எத்தனை என்.சி.பி நாள் பதிவாகியுள்ளது, வெளியேறிய தேதியை யார் எப்போது பதிந்தார். இந்தக் கேள்விக்கு 'அணுகவும்' என்று பதில் எழுத முடியாது.

ஒவ்வொரு மாதமும் 27ஆம் தேதி மாவட்டந்தோறும் 'நிதி ஆப்கே நிகட்' என்ற பி.எஃப் முகாம் நடக்கும். உங்கள் மாவட்டத்தில் எந்த இடம் என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கோப்பு வேறு அலுவலகத்தில் இருந்தாலும் மனுவைக் கொடுத்து முத்திரை வாங்கலாம். போகும்போது ஆதாரோடு இணைந்த எண் உள்ள போன் கையில் இருக்கட்டும், அதில் ஓ.டி.பி வர சிக்னலும் இருக்கட்டும். அப்படியே அன்றைக்கே இ-நாமினேஷனில் (ஆன்லைன் வாரிசுப் பதிவு) குழந்தையின் பெயரையும் ஏற்றிவிடுங்கள்.