சாவியைத் திருப்பாதீர்கள்

பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற காருக்குப் புது பேட்டரி வாங்கி மாட்டி, நல்ல நேரம் பார்த்துச் சாவியைத் திருப்புகிறார்கள். அந்த எஞ்சினுக்கு இதைவிடப் பெரிய கொடுமை இல்லை. துரு மெல்ல மெல்லச் செய்யும் சேதத்தை அந்தச் சில விநாடிகள் ஒரேயடியாகச் செய்து முடித்துவிடும். வடசென்னையில் நின்ற வண்டி என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும்.

இந்தப் பகுதிக்கும் மோட்டார் தொழிலுக்கும் பழைய உறவு. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் முதலில் பாகங்களைச் சேர்த்து உருவாக்கியது லாரிகளை அல்ல, இங்கிலாந்தின் ஆஸ்டின் ஏ40 கார்களை. அது அசோக் லேலண்டு ஆனது 1955இல்தான். அந்த ஏ40 ஒன்று பழைய வண்ணாரப்பேட்டையில் ஓர் ஓட்டுச் சாய்ப்பின் கீழ் நிற்பதாக வைத்துக்கொள்வோம். தார்ப்பாய் போர்த்தியிருக்கிறது, மழை ஒரு சொட்டும் படவில்லை. ஆனாலும் அதன் எஞ்சின் உள்ளுக்குள் நனைந்துகொண்டேதான் இருக்கும்.

காரணம் உப்பு. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால், சமையல் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவது இதனால்தான். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடோ அதைவிட மிகக் குறைந்த ஈரப்பதத்திலேயே நீரை இழுத்துவிடும். காசிமேட்டுக் கடற்கரைப் பக்கமிருந்து வரும் காற்றில் இரண்டும் இருக்கின்றன. இரும்பின் மேல் படிந்த உப்பு இரவுதோறும் மெல்லிய நீர்ப்படலமாகிறது. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். துருப்பிடித்தல் அடிப்படையில் ஒரு மின்வேதிவினை என்பதால் அது வேகம் பிடிக்கிறது.

மூடிக் கிடக்கும் எஞ்சினுக்குள் இந்தக் காற்று எப்படிப் போகிறது? நான்கு சிலிண்டர் எஞ்சினில் நான்கு பிஸ்டன்களும் ஒரே நேரத்தில் ஒரே வேலையைச் செய்வதில்லை. எந்த நிலையில் நின்றாலும் ஒரு சிலிண்டரின் வால்வு கார்புரேட்டர் பக்கமும் இன்னொன்றின் வால்வு சைலன்சர் பக்கமும் திறந்திருக்கும். பகலில் சூடேறி உள்காற்று விரிந்து வெளியேறும். இரவில் குளிர்ந்து ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். அதனால்தான் இரண்டு சிலிண்டர்கள் பளபளவென்றும் மற்ற இரண்டு செம்பழுப்பாகவும் இருப்பதைப் பலமுறை பார்க்கிறோம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். பிஸ்டன் நின்ற இடத்தை ஒட்டி, சிலிண்டர் சுவரில் வளையமாய்த் துரு தெரியும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிப்பது. பிஸ்டனைச் சுற்றியுள்ள வார்ப்பிரும்பு ரிங்குக்கும் சுவருக்கும் இடையிலுள்ள நூலிழை இடைவெளியில் அது ஊதிப் புடைக்க, பிஸ்டன் சிக்கிக்கொள்கிறது. இதைத்தான் மெக்கானிக்குகள் எஞ்சின் ஜாம் என்கிறார்கள். இந்த நிலையில் செல்ஃப் மோட்டாரின் முறுக்கு விழுந்தால் ரிங் உடையும், சுவர் கீறும்.

வைத்தியம் எளிது, பொறுமைதான் வேண்டும். நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் டீசலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான மெல்லிய எண்ணெயும் கலந்து ஊற்றி, நாள்கணக்கில் ஊறவிட வேண்டும். நுண்துளை ஈர்ப்பால் எண்ணெய் துருவின் இடுக்குகளுக்குள் தானே ஏறும். பிறகு எஞ்சினைக் கையால் சுற்றும் முன்பக்க ஹேண்டிலை மாட்டி முன்னும் பின்னும் இம்மியளவு அசைத்துப் பார்க்க வேண்டும். அசையாவிட்டால் இன்னும் ஊறட்டும். குழாயைச் செருகி ஹேண்டிலை நீட்டி மிதிப்பவர்களை வண்டி அருகே விடாதீர்கள். பிளக்கைத் திரும்ப மாட்டிவிட்டுச் சுற்றுவதும் ஆபத்து. திரவம் அமுங்காது, மேலே வரும் பிஸ்டன் அதில் மோதினால் அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

அடுத்து சம்ப், அதாவது எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி. வடிகால் போல்ட்டைச் சிறிது தளர்த்தியதும் பெரும்பாலும் முதலில் சொட்டுவது எண்ணெய் அல்ல, நீர். கனமான நீர் அடியில் தங்கியிருக்கிறது. அதன் பிறகே கறுப்பு எண்ணெய் வரும். புது எண்ணெய் ஊற்றினாலும் வேலை முடியவில்லை, ஏனெனில் பேரிங்குகளில் இருந்த எண்ணெய்ப் படலம் எப்போதோ வடிந்துபோயிருக்கும். பிளக் இல்லாமலே எஞ்சினைச் சுற்றி, எண்ணெய் அழுத்த முள் எழும்பும்வரை காத்திருப்பது அவசியம். பிளக் இல்லாதபோது சிலிண்டருக்குள் அழுத்தமும் இல்லை, தீப்பொறியும் இல்லை. உலோகத்தின் மேல் பாரம் ஏறுவதற்குள் எண்ணெய் போய்ச் சேர்ந்துவிடும்.

பெட்ரோலும் கெடும். எளிதில் ஆவியாகும் பாகம் முதலில் பறந்துவிட, மிஞ்சியது ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாகி, கார்புரேட்டரின் ஜெட் துளைகளை அடைத்துவிடும். கம்பியால் குத்தவே கூடாது. பித்தளைத் துளை சற்று அகன்றாலும் பெட்ரோல் அளவு மாறிவிடும். கரைப்பானில் ஊறவைத்துக் காற்றடித்தால் போதும். இன்று பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் குழாய்களும் பெட்ரோல் பம்பின் சவ்வான டயாஃப்ரமும் அதைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டுவதை யாரும் விரும்பமாட்டார்கள்.

பேட்டரியை இணைக்கும்போது ஒரு கவனம். ஏ40 போன்ற அக்காலப் பிரிட்டிஷ் கார்களில் வண்டியின் உடலோடு சேரும் எர்த் இணைப்பு பாசிட்டிவ் பக்கம். இன்றைய வழக்கப்படி மாற்றி மாட்டினால் டைனமோவும் பேட்டரியும் எதிரெதிராக இழுத்து, இரண்டையும் இணைத்துத் துண்டிக்கும் கட்-அவுட் சுவிட்சின் முனைகள் கருகும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரிலுள்ள பாயிண்டுகளின் ஆக்சைடு படலத்தை மெல்லிய உப்புத்தாளால் எடுத்தால் பிளக்கில் நீலப்பொறி வந்துவிடும்.

சாவியைத் திருப்பும் நேரம் இதுதான். ஊறிய டீசல் எரிந்து தீரும்வரை சைலன்சரில் புகை கொட்டும். பதற வேண்டாம், கண் எண்ணெய் முள்ளிலேயே இருக்கட்டும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வீல் சிலிண்டர்களையும் அரித்திருக்கும் என்பதால், அவற்றைப் பிரித்துச் சரிபார்க்கும்வரை வண்டி சாய்ப்பை விட்டு நகரக் கூடாது. நின்ற இடத்திலேயே அரை மணி நேரம் ஓடிய பிறகு, சூடு ஆறுவதற்குள் அந்தப் புது எண்ணெயையும் வடித்துவிடுங்கள். கழன்று வந்த துருத்தூள் அதில்தான் மிதந்துகொண்டிருக்கும்.