டிசம்பர் பிள்ளைகளைத் தேர்வாளர்கள் ஏன் தவறவிடுகிறார்கள்?

ஆஸ்டன் மேத்யூஸ் பிறந்தது 1997 செப்டம்பர் 17. வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல், இளம் ஆட்டக்காரர்களை அணிகளுக்குப் பிரித்துக் கொடுக்க ஆண்டுதோறும் டிராஃப்ட் நடத்துகிறது. அதில் சேர அந்த ஆண்டு செப்டம்பர் 15க்குள் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். இரண்டு நாள் பிந்திப் பிறந்ததால் 2015இல் மேத்யூஸுக்கு வாய்ப்பில்லை. அடுத்த பருவம் முழுக்க சுவிட்சர்லாந்துக்குப் போய், ஸூரிக் அணிக்காக, வளர்ந்த ஆண்களோடு ஆடினார். 2016இல் டொரொண்டோ அவரை முதல் ஆளாக எடுத்தது. என்.எச்.எல்லில் தன் முதல் ஆட்டத்திலேயே நான்கு கோல் போட்டார்.

சிங்கப்பூரில் ஐஸ் ஹாக்கி ஆடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். 2023இல் ஜேகியூப் கடைத்தொகுதி மூடப்பட்டபோது அங்கே இருந்த ஒலிம்பிக் அளவுப் பனித்தளமும் போய்விட்டது. நம் பிள்ளைகள் பெரும்பாலும் ஆடுவது செயற்கைப் புல்தரை ஹாக்கி. அப்படியிருந்தும் என்.எச்.எல் டிராஃப்டை நாம் கவனிக்க ஒரு வலுவான காரணம் இருக்கிறது. பதின்ம வயதுப் பிள்ளை பின்னாளில் எப்படி ஆடுவான் என்று கணிக்கும் வேலையை 1963இலிருந்து செய்துவருகிறார்கள். யாரை எத்தனையாவதாக எடுத்தார்கள், அவர் பிறகு எத்தனை ஆட்டம் ஆடினார், எத்தனை கோல் போட்டார் என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறது, யாரும் எடுத்துப் பார்க்கலாம். தேர்வாளர்களின் கணிப்பை இவ்வளவு தெளிவாகச் சரிபார்க்க முடிகிற இடம் அதிகமில்லை. அதே கணிப்பை நாம் இங்கே தொடக்கநிலை 6 பிள்ளைகளின் விஷயத்தில் செய்துகொண்டிருக்கிறோம்.

முதலில் டிராஃப்ட் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ஐ.பி.எல்லும் ஹாக்கி இந்தியா லீக்கும் நமக்குப் பழக்கம், அவற்றில் ஏலம். யார் அதிகம் கொடுக்கிறார்களோ அவர்களுக்கு ஆட்டக்காரர். டிராஃப்டில் விலை கிடையாது, வரிசைதான் உண்டு. 32 அணிகள், 7 சுற்று, மொத்தம் 224 பெயர்கள். போன பருவத்தில் பின்தங்கிய அணிகள் முதலில் எடுக்கும். வேண்டுமென்றே தோற்று முதலிடம் வாங்கக்கூடாது என்பதற்காக 1995இலிருந்து மேல்வரிசை இடங்களுக்குக் குலுக்கலும் உண்டு. தன் முறை வரும்போது அணிக்கு ஒரே ஒரு பெயர். எடுத்தவன் சோடை போனால் அந்த இடமும் போனதுதான்.

கஷ்டம் எங்கே என்றால், எடுக்கிற நாளில் பையனுக்கு 18 வயது, அணிக்கு வேண்டியதோ அவன் 24 வயதில் ஆடப்போகும் ஆட்டம். இன்று கண்ணுக்குத் தெரிவது அது இல்லை.

அணிகள் இதற்கு இரண்டு கருவிகளை வைத்திருக்கின்றன. ஒன்று ஸ்கவுட்களின், அதாவது அணிக்காகத் திறமையைத் தேடி அலையும் தேர்வாளர்களின் கண். ஊர் ஊராகப் போய், குளிர் அரங்குகளில் உட்கார்ந்து, பையன் பக்கை (பனித்தளத்தில் பந்துக்குப் பதிலாக ஆடும் தட்டையான ரப்பர் வட்டு) வாங்கும் முன் தலையைத் திருப்பிப் பார்க்கிறானா, தோற்றுக்கொண்டிருக்கும்போதும் ஓடுகிறானா என்று குறித்துக்கொள்வார்கள். இன்னொன்று எண்கள். கோல் போட்டாலும், கோலுக்கு உதவினாலும் ஆட்டக்காரருக்கு ஒரு புள்ளி. கனடாவின் ஜூனியர் லீக்கில் ஆட்டத்துக்கு ஒரு புள்ளி எடுப்பதும், சுவீடனின் பெரியவர்கள் லீக்கில் அதே ஒரு புள்ளி எடுப்பதும் சமமில்லை. ஆகவே ஒரு லீக்கிலிருந்து என்.எச்.எல்லுக்குப் போனவர்களின் முந்தைய, பிந்தைய புள்ளிகளை ஒப்பிட்டு, அந்த லீக்குக்கு ஒரு மாற்று விகிதம் கணக்கிடுகிறார்கள். கனடா ஜூனியர் லீக்குகளுக்கு இது ஏறக்குறைய 0.3 வரும். ஐரோப்பாவின் பெரியவர்கள் லீக்குகளுக்கு அதைவிட நன்றாகவே அதிகம். விகிதம் போட்ட பிறகுதான் இரண்டு பையன்களை ஒரே தராசில் வைக்க முடியும்.

அப்புறம் அதிர்ஷ்டத்தைக் கழிக்க வேண்டும். இதை ஒரு கணக்காகவே பார்க்கலாம். ஒரு பையன் ஒரு பருவத்தில் 150 முறை கோலை நோக்கி அடித்து 30 கோல் போட்டான், அதாவது 20 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். லீக்கின் சராசரி 12 விழுக்காடு. அடுத்த பருவத்திலும் அவன் 20 விழுக்காடு எடுப்பானா? பெரும்பாலும் மாட்டான். 150 அடி என்பது சிறிய எண்ணிக்கை. பக் கம்பத்தில் பட்டு உள்ளே போனதும், எதிரணி கோல்கீப்பர் வழுக்கியதும் அந்த முப்பதில் அடக்கம். சராசரி ஆட்டக்காரர் ஒருவர் 300 முறை அடித்தால் வரக்கூடிய 36 கோலை அவன் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். 450 அடிக்கு 66 கோல், அதாவது 14.7 விழுக்காடு. இது நம்பக்கூடிய மதிப்பீடு. 300 என்ற எடையை இந்த உதாரணத்துக்காக நான் எடுத்துக்கொண்டேன். உண்மையில் பழைய பருவங்களின் தரவிலிருந்து அதைக் கணக்கிடுவார்கள். சாட்சியம் எவ்வளவு குறைவோ அவ்வளவு சராசரியின் பக்கம் இழுக்க வேண்டும், விதி அவ்வளவுதான். பள்ளியில் ஒரு மாலை மட்டும் நடக்கும் தேர்வு ஆட்டத்தில் சாட்சியம் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, இப்போது வயதுக்கு வருவோம். எனக்கு இந்த விஷயத்தில் மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

கனடாவில் சிறுவர் ஹாக்கிக்கு வயதுப் பிரிவு ஜனவரி 1இல் தொடங்குகிறது. ஒரே பிரிவில் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் சேர்ந்து ஆடுவார்கள். பத்து வயதில் பதினோரு மாதம் என்பது வாழ்ந்த காலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. மூத்தவன் உயரமாக இருப்பான், வேகமாக ஓடுவான், சொன்னதைச் சட்டென்று பிடித்துக்கொள்வான். பயிற்றுவிப்பாளர் அவனை நல்ல அணியில் போடுவார். நல்ல அணிக்கு நல்ல பயிற்சி, கூடுதல் ஆட்டங்கள், பனித்தளத்தில் கூடுதல் நேரம். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் அவன் உண்மையாகவே நன்றாக ஆடுகிறான். முதலில் வெறும் மாதக் கணக்காக இருந்தது இப்போது திறமை வித்தியாசமாகிவிட்டது. ராஜர் பார்ன்ஸ்லி என்ற கனடா உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் 1985இலேயே ஹாக்கி ஆட்டக்காரர்களின் பிறந்த மாதங்களில் இந்தச் சாய்வைக் காட்டிவிட்டார்கள்.

2013இல் ராபர்ட் டீனரும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. 1980 முதல் 2007 வரை டிராஃப்டில் எடுக்கப்பட்ட கனடா ஆட்டக்காரர்களில் ஏறக்குறைய 36 விழுக்காட்டினர் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் பிறந்தவர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பிறந்தவர்கள் 15 விழுக்காடுகூட இல்லை. மூத்தவர்கள் உண்மையிலேயே மேலானவர்கள் என்றால் இதில் குற்றம் சொல்ல எதுவுமில்லை. ஆனால் பிறகு என்ன நடந்தது என்றும் அவர்கள் பார்த்தார்கள். ஜூலை முதல் டிசம்பர் வரை பிறந்தவர்கள் எடுக்கப்பட்டவர்களில் 34 விழுக்காடு மட்டுமே. அந்த 34 விழுக்காட்டினர் ஆடியது மொத்த ஆட்டங்களில் சுமார் 42 விழுக்காடு, எடுத்தது மொத்தப் புள்ளிகளில் 44 விழுக்காடு. தகுதிக்கு ஏற்ற இடத்தைவிட 40 இடத்துக்கும் மேல் தள்ளித்தான் அவர்களை எடுத்திருக்கிறார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு இதையே தொழிலாகச் செய்கிறவர்கள், 28 ஆண்டுகள், ஒரே பக்கமாகச் சாய்ந்த தவற்றைச் செய்திருக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. 34 விழுக்காட்டுக்குள் வராமல் பாதியிலேயே விட்டுப்போன பிள்ளைகளை யாரும் எண்ணவில்லையே.

இங்கே கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. சிறுவர் பிரிவின் கோடு ஜனவரி 1, டிராஃப்டின் கோடு செப்டம்பர் 15. அக்டோபரில் பிறந்தவன் சிறு வயதில் தன் பிரிவில் இளையவன், டிராஃப்ட் நாளிலோ மூத்தவர்களில் ஒருவன். அப்போது மூத்தவனாக இருந்தும் அவனைப் பின்னால் தள்ளுகிறார்கள் என்றால், பத்து வயதில் ஒட்டிய முத்திரை பதினெட்டிலும் கழலவில்லை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். அதனால் நல்ல கணிப்பு மாதிரிகள் பிறந்த ஆண்டை விட்டுவிட்டு, பருவம் தொடங்கிய நாளில் பையனுக்கு எத்தனை வயது எத்தனை மாதம் என்று பார்க்கின்றன. இரண்டு பேர் ஒரே புள்ளி எடுத்திருந்தால், இளையவனுக்கு மதிப்பு கூடும்.

உடல் அளவும் இதே பொறிதான். மார்ட்டின் செயின்ட் லூயி ஐந்தடி எட்டங்குலம். டிராஃப்டில் யாருமே அவரை எடுக்கவில்லை. 2004இல் லீக்கின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான் போனது. ஜானி கோட்ரோ 2011இல் 104ஆவது. கோல்கீப்பர்கள் விஷயம் இன்னும் சிக்கல். அவர்கள் முதிர நேரமாகும். ஹென்ரிக் லுண்ட்குவிஸ்ட் 2000இல் ஏழாம் சுற்றில் 205ஆவது.

டெட்ராய்ட் அணியைப் பற்றி எல்லாரும் பெருமையாகச் சொல்வார்கள். 1998இல் பாவெல் டாட்சியூக்கை 171ஆவதாகவும், 1999இல் ஹென்ரிக் ஸெட்டர்பெர்க்கை 210ஆவதாகவும் எடுத்தார்கள், இருவரும் சேர்ந்து 2008இல் என்.எச்.எல் கோப்பை வாங்கித் தந்தார்கள். டெட்ராய்டின் கண் கூர்மை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அவர்களே முந்தைய சுற்றுகளில் வேறு பெயர்களைச் சொல்லிவிட்டுத்தான் இவர்களிடம் வந்தார்கள். இவ்வளவு பெரிய ஆட்டக்காரர்கள் என்று தெரிந்திருந்தால் ஆறாம், ஏழாம் சுற்று வரை காத்திருக்க மாட்டார்கள். அமெரிக்கக் கால்பந்து டிராஃப்டை ஆராய்ந்த கேட் மாஸியும் ரிச்சர்ட் தேலரும் கண்டது இதோடு பொருந்துகிறது. ஒரே இடத்தில் ஆடுகிற இருவரில், முன்னதாக எடுக்கப்பட்டவர் அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறந்து விளங்கும் வாய்ப்பு பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஆகவே பின்வரிசைச் சுற்றுகளில் சுமாரான பாதுகாப்பான பையனை எடுப்பதில் பயன் குறைவு. பெரும்பாலானவர்கள் எப்படியும் என்.எச்.எல்லுக்கு வரப்போவதில்லை. உயரம் குறைவு, உடல் ஒல்லி, ஆனால் பக்கைக் கையாளும் விதம் அபாரம் என்கிற பையனை எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

இனி நம் ஊருக்கு வருவோம். பாலஸ்டியர் பக்கம் இந்தியர் சங்கத் திடலில் ஹாக்கி பார்த்து வளர்ந்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் சிங்கப்பூர் ஆண்கள் அணி ஆடியது, தங்கம் வென்ற இந்தியாவிடம் 6-0 என்று தோற்றது. இன்று ஒரு வகுப்பாண்டில் நம்மிடம் இருப்பது சுமார் 40,000 பிள்ளைகள். அவர்களைக் கால்பந்தும் பூப்பந்தும் நீச்சலும் கூடைப்பந்தும் பங்குபோட்ட பிறகு மீதிதான் ஹாக்கிக்கு. கனடா ஆயிரம் பிள்ளைகளைத் தவறவிட்டாலும் அங்கே அணி நிரம்பிவிடும். இங்கே பத்துப் பேரைத் தவறவிட்டாலே ஒரு தேசிய அணியின் நடுவரிசை போய்விடும்.

நம் பள்ளிகளில் வகுப்பாண்டு ஜனவரி 2இல் தொடங்கி அடுத்த ஜனவரி 1இல் முடிகிறது. விளையாட்டுத் திறனைக் காட்டி உயர்நிலைப் பள்ளியில் இடம் வாங்கும் நேரடிப் பள்ளிச் சேர்க்கைத் திட்டம் 2004இல் வந்தது. தொடக்கநிலை 6இல், ஆண்டின் நடுவில் விண்ணப்பம். அந்த நேரத்தில் ஜனவரிப் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது தாண்டியிருக்கும், டிசம்பர்ப் பிள்ளைக்குப் பதினொன்றரைகூட ஆகியிருக்காது. இதோடு பருவமடைதல் வேறு. உயரம் மிக வேகமாகக் கூடும் கட்டம் பெண்பிள்ளைகளுக்குச் சராசரியாக 12 வயது, ஆண்பிள்ளைகளுக்கு 14. ஆளுக்கு ஆள் இது முன்னே பின்னே இருக்கும், பிறந்த நாள் ஒன்றாக இருப்பவர்களுக்குள்ளேயே எலும்பு வயதில், அதாவது எலும்பின் முதிர்ச்சி காட்டும் உடல் வயதில், சில ஆண்டு இடைவெளி சாதாரணம். மீசை அரும்பிய பன்னிரண்டு வயதுப் பையன் எல்லாரையும் இடித்துத் தள்ளிக் கோல் போடுவதைப் பார்க்கும் தேர்வாளர், உண்மையில் பார்ப்பது நாட்காட்டியையும் ஹார்மோனையும். 16 வயதில் மற்றவர்களும் அவன் உயரத்துக்கு வந்தபின் அவனிடம் என்ன மிஞ்சும் என்பது அந்த மாலையில் தெரியாது.

பிறந்த தேதிகளைத் தேர்வாளர் கையில் கொடுத்துவிட்டால் போதுமே என்று தோன்றும். போதாது. நெதர்லாந்தில் கால்பந்து ஸ்கவுட்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2017இல் வெளியானது. ஒரு குழுவுக்கு வயது விவரமே தரவில்லை, இன்னொரு குழுவுக்குப் பிறந்த தேதிகள் தரப்பட்டன. இரண்டு குழுக்களுமே மூத்தவர்களைத்தான் தூக்கிப் பிடித்தன. மூன்றாவது குழு பார்த்த ஆட்டத்தில் சட்டை எண்கள் வயது வரிசையில் இருந்தன, அந்த வரிசை ஸ்கவுட்களுக்கும் தெரியும். அந்தக் குழுவில் சாய்வு மறைந்துவிட்டது. தாளில் இருக்கும் தேதி ஆட்டம் சூடு பிடித்ததும் மறந்துபோகும். முதுகில் இருக்கும் எண் கண்ணிலேயே நிற்கும்.

இதைச் செய்ய நமக்குக் கருவி எதுவும் வேண்டாம். செங்காங் ஹாக்கி அரங்கத்திலோ பள்ளித் திடலிலோ தேர்வு நடக்கும்போது பிள்ளைகளுக்கு எப்படியும் எண் போட்ட மேலங்கி கொடுக்கத்தான் போகிறார்கள். அதைப் பிறந்த நாள் வரிசையில் கொடுத்தால் முடிந்தது. முதல் ஆட்டத்தை அப்படி நடத்திவிட்டு, இரண்டாவது ஆட்டத்துக்கு உயரத்தை வைத்து அணி பிரிக்கலாம். பெரியவர்கள் பெரியவர்களோடு மோதும்போது பந்தை அடக்கத் தெரியாதவன் யார் என்று தெரிந்துவிடும். சின்னவர்கள் சின்னவர்களோடு ஆடும்போது, மோதலுக்குப் பயந்து ஒதுங்கி நின்ற பிள்ளை பாஸ் எங்கே போடுகிறாள் என்று தெரியும். அப்புறம் உயர்நிலை 2 முடியும்போது, இணைப்பாட நடவடிக்கையில் அதுவரை ஹாக்கியில் இல்லாத பிள்ளைகளுக்கும் சேர்த்து இன்னொரு தேர்வு வைக்க வேண்டும். முதல் தேர்வில் 38ஆம் எண் போட்டிருந்த டிசம்பர்ப் பிள்ளையையும் மறுபடி கூப்பிட வேண்டும்.