கை ஏன் தானாகப் போனுக்குப் போகிறது?

போனை எவ்வளவு நேரம் பயன்படுத்தினோம் என்று காட்டும் ஸ்கிரீன் டைம் பக்கத்தைத் திறப்பவர்கள் பெரும்பாலும் மொத்த நேரத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். ஒரு நாளில் எத்தனை முறை போனை எடுத்தோம் என்ற கணக்கும் அங்கேயே இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து படம் பார்ப்பது நாமே எடுத்த முடிவு. லிஃப்ட் வருவதற்குள் போனை எடுத்து, எதற்கு எடுத்தோம் என்றே தெரியாமல் உள்ளே வைப்பதை யாரும் முடிவு செய்வதில்லை.

1990களில் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் ஆய்வாளர், குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்களைக் கவனித்து வந்தார். விளக்கு எரியும், சற்று நேரத்தில் கொஞ்சம் பழச்சாறு கிடைக்கும். முதலில் சாறு கிடைத்ததும் செல்கள் துடித்தன. பழகிய பிறகு விளக்கு எரிந்ததுமே துடித்தன, சாறு வந்தபோது சும்மா இருந்தன. சாறு வராமல் போனால், அது வரவேண்டிய அந்த நேரத்தில் வழக்கத்தைவிட அடங்கிப்போயின. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அவை கணக்குப் பார்க்கின்றன. டோபமைனை வெறும் 'இன்ப ரசாயனம்' என்பது இதனால்தான் பொருந்தவில்லை.

2003இல் அவரது குழு இன்னொன்றைக் கண்டது. சாறு கிடைக்குமா கிடைக்காதா என்பது பாதிக்குப் பாதி என்றிருந்தால், காத்திருக்கும் நேரம் முழுக்கத் துடிப்பு ஏறிக்கொண்டே போனது. நிச்சயம் கிடைக்கும் என்றபோது அந்த ஏற்றம் இல்லை.

போன் எப்போதும் தருவது இந்த நிச்சயமின்மையைத்தான். நோட்டிஃபிகேஷன் சத்தம் நண்பருடையதாக இருக்கலாம், விளம்பரமாகவும் இருக்கலாம். 2006இல் அஸா ராஸ்கின் வடிவமைத்த முடிவில்லா ஸ்க்ரோல் வந்தபின், பக்கம் தீர்ந்து நிற்கும் இடமும் போய்விட்டது.

போனைத் திரும்பத் திரும்ப எடுக்கும்போது, மூளையின் ஆழத்திலுள்ள ஸ்ட்ரையாட்டம் என்ற பகுதி இந்த வேலையை எடுத்துக்கொள்கிறது. அப்புறம் சத்தம்கூட வேண்டாம். குரங்குக்கு விளக்கு எதுவோ, நமக்குச் சலிப்பு அதுவாகிவிடுகிறது. தன்னை அடக்கிக்கொள்ள உதவும் முன்மூளைப் புறணி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. இளைஞர்களை மன உறுதி இல்லாதவர்கள் என்று திட்டுவது நியாயமே இல்லை.

சரி, என்ன செய்யலாம்? தூண்டுதலை அகற்றுவது எளிது: நோட்டிஃபிகேஷனை அணைக்கலாம், படுக்கும்போது போனை வேறு அறையில் வைக்கலாம். அது பழக்கமாக நாளாகும். 2010இல் வெளியான ஒரு லண்டன் ஆய்வில், புதுப் பழக்கம் படிய 18 முதல் 254 நாட்கள் வரை ஆளுக்கு ஆள் மாறியது. நடுவில் ஒரு நாள் தவறியவர்களுக்கு அதனால் பெரிதாக எதுவும் கெட்டுப்போகவில்லை.