உங்கள் நேரத்துக்கு யார் பில் கட்டுகிறார்கள்?

பெரிய ஐடி சர்வீஸ் நிறுவனத்தில் சேரலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் பேசுவது பில்லிங் பற்றித்தான். 14 ஆண்டுகள் அங்கே வேலை பார்த்துவிட்டு, இப்போது நேர்காணல் எடுக்கும் பக்கம் இருக்கிறேன். சம்பளம், பதவி, ஆன்சைட் எல்லாம் அதற்கு அப்புறம்.

அங்கே விற்கப்படும் சரக்கு நம் வேலை நேரம். அந்த நேரத்தில் எவ்வளவுக்கு கிளையன்ட் பணம் கட்டுகிறார் என்பதற்கு யுடிலைசேஷன் என்று பெயர். மாதத்தில் 160 மணி நேரம் வேலை, அதில் 128 மணிக்கு பில் போனால் 80 சதவீதம். மேலாளர்கள் ராப்பகலாகக் கவலைப்படுவது இந்த எண்ணுக்காகத்தான்.

பில் போகாமல் உட்கார்ந்திருப்பது பெஞ்ச். நான் இரண்டு மாதம் இருந்திருக்கிறேன். முதல் வாரம் விடுமுறை மாதிரி இருந்தது. நான்காவது வாரம் வயிற்றைக் கலக்கத் தொடங்கியது. ஜாவா எழுதிக்கொண்டிருந்த என்னைக் கடைசியில் மெயின்ஃப்ரேம் என்ற பெரிய கணினியில் தொகுப்பாகத் தானே ஓடும் பேட்ச் ஜாப்கள் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்க்கும் நைட் ஷிஃப்ட்டில் போட்டார்கள். ஒன்றரை வருடம் போனது. யார் மேலும் கோபமில்லை. அங்கே இடம் காலியாக இருந்தது, நானும் காலியாக இருந்தேன்.

ஆனால் வேலையே இல்லாத அந்த இரண்டு மாதமும் சம்பளம் வந்தது. சின்ன நிறுவனத்தில் இது நடப்பது கடினம். பயிற்சியும் அப்படித்தான்: கல்லூரியில் வேறு ஏதோ படித்தவரையும் சேர்த்துக்கொண்டு, சில மாதம் சம்பளம் கொடுத்துச் சொல்லித்தருகிறார்கள். லட்சக்கணக்கானோர் நம்பியிருக்கும் ஒரு சிஸ்டத்தில் மாற்றம் செய்வதற்கு முன் ரிவ்யூ, ஒப்புதல், சொதப்பினால் பழைய நிலைக்குத் திரும்பும் திட்டம் என்று எத்தனை படி ஏற வேண்டும் என்பதை நான் கற்றது அங்கேதான்.

அடுத்து ஒப்பந்தம். டைம் அண்ட் மெட்டீரியல் என்றால் வேலை செய்த மணிக்கெல்லாம் பில் போகும். ஃபிக்ஸட் ப்ரைஸ் என்றால் தொகை முதலிலேயே முடிவாகிவிடும். மதிப்பீடு தப்பினால் அந்தக் கூடுதல் மணிகள் பெரும்பாலும் நம் தூக்கத்திலிருந்துதான் வரும். 12 மணி நேரம் உழைத்துவிட்டு டைம்ஷீட்டில் 8 என்று போடச் சொல்வார்கள். நானும் போட்டிருக்கிறேன், என் டீமையும் போட வைத்திருக்கிறேன். அடுத்த ப்ராஜெக்ட்டுக்கு மதிப்பீடு போடுபவர் அந்த 8-ஐ நம்பித்தான் கணக்குப் போடுவார். நம் கையாலேயே அடுத்தவருக்கு வெட்டிய குழி அது.

அனுபவம் ஏறும்போது இன்னொரு சிக்கல் வரும். நம் சம்பளம் கூடுகிறது, கிளையன்ட் தரும் ரேட் அந்த வேகத்தில் கூடுவதில்லை. அதனால் கோட் எழுதப் பிடித்தவரையும் மேலாளர் நாற்காலிக்குத் தள்ளுவார்கள். டெக்னிக்கல் பாதையும் உண்டு, இடங்கள்தான் குறைவு.

சேருபவர்கள் மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள். எந்த வகை ஒப்பந்தம்? நான் பில்லபிளா, ஷேடோவா? ஷேடோ என்றால் வேலை உண்டு, பில் கிடையாது. ஆட்குறைப்பு வந்தால் முதலில் கண்ணில் படுவது அவர்தான். டிக்கெட், அதாவது பதிவான பிரச்சினை, எனக்கு எந்த லெவலில் வரும்? எல்1 என்றால் முதலில் பார்ப்பவர்கள், எல்3 என்றால் கோட் வரை இறங்கிச் சரிசெய்பவர்கள்.

மூன்றாவது கேள்விக்குக் காரணம், சமீபத்தில் நான் நேர்காணல் எடுத்த ஒருவர். ஆறு ஆண்டு அனுபவம். “இந்த சர்வீஸ் விழுந்தால் என்ன செய்வீர்கள்?” என்றேன். “எல்3 டீமுக்கு அசைன் பண்ணுவேன் சார்” என்றார். அதற்கப்புறம் என்ன நடக்கும் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, “டிக்கெட் க்ளோஸ் ஆகி வரும்” என்றார்.