ஃபோர்குளோஷர்: கடனை அடைப்பதா, கதவை அடைப்பதா?

பக்கத்து வீட்டு அக்கா, ரிட்டயர்மெண்ட் பணத்தில் வீட்டுக் கடனை ஒரேயடியாகக் கட்டிவிடலாம் என்று வங்கியில் எழுதிக் கொடுத்தார். வந்த தாளில் ‘ஃபோர்குளோஷர் ஸ்டேட்மெண்ட்’ என்று தலைப்பு. அதைப் படமெடுத்து அமெரிக்காவில் இருக்கும் மகனுக்கு அனுப்ப, அவன் பதறிப்போய், “வீட்டை எடுத்துக்கப் போறாங்களாம்மா?” என்று கேட்டிருக்கிறான். அவன் பயந்ததில் தப்பே இல்லை. அங்கே அந்தச் சொல்லுக்கு வீடு கைவிட்டுப் போவது என்றுதான் பொருள். நம் வங்கிகள்தான் தவணைக்காலம் முடியுமுன்பே கடனை அடைப்பதற்கு அதைப் பழக்கப்படுத்திவிட்டன. மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு ‘ஃபோர்குளோஷர்’ கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-ல் சொன்னதும் இந்தப் பொருளில்தான்.

‘ஃபோர்’ என்றதும் ‘முன்’ என்று நினைத்து ‘முன்னடைப்பு’ என்று மொழிபெயர்க்கத் தோன்றும். அது சரியில்லை. சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அதன் முன்பாதிக்கு வேர் ‘ஃபோரிஸ்’, லத்தீனில் ‘வெளியே’. அதாவது, ஒருவரை வெளியே நிறுத்திக் கதவை அடைப்பது.

எந்தக் கதவு? இங்கிலாந்தின் சான்சரி நீதிமன்றம், கெடு தவறினாலும் கடன்பட்டவர் பணத்தோடு வந்தால் அடமானச் சொத்தை மீட்கலாம் என்று இடம் கொடுத்தது. சரி, கடன் கொடுத்தவர் எத்தனை காலம் காத்திருப்பார்? அதனால் நீதிமன்றமே ஒரு நாள் குறித்தது, அதற்குள் கட்டாவிட்டால் மீட்கும் உரிமை அடைபட்டுவிடும்.

இந்தியாவில் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 67-ஆம் பிரிவில் இதையே வைத்திருக்கிறது. வழக்குப் போட்ட உடனே சொத்து போய்விடாது. நீதிமன்றம் முதலில் அசல், வட்டி, செலவு எல்லாவற்றையும் கணக்குப் பார்த்து, கட்டுவதற்கு ஆறு மாதத்துக்குள் ஒரு நாள் குறித்து முதனிலைத் தீர்ப்பாணை தரும். தக்க காரணம் காட்டினால் கெடுவை நீட்டிக்கவும் செய்யும். இறுதித் தீர்ப்பாணை வருமுன் முழுப் பணத்தையும் கட்டிவிட்டால் பத்திரம் திரும்பக் கைக்கு வரும். கட்டாமல் இறுதித் தீர்ப்பாணை வந்துவிட்டால்தான் கதவு அடைபடும். பெரும்பாலும் நிபந்தனை விற்பனை அடமானத்துக்குத்தான், அதாவது கடனைக் கட்டாவிட்டால் விற்பனை உறுதியாகிவிடும் என்று சொத்தை விற்பதுபோல் எழுதிக் கொடுக்கும் அடமானத்துக்குத்தான், இது பொருந்தும். பத்திரத்தை ஒப்படைத்து வாங்கும் வீட்டுக் கடனில் இந்த வழியே கிடையாது, விற்றுத்தான் பணத்தை எடுக்க முடியும். அதற்கும் வங்கிகள் இப்போது பெரும்பாலும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, நீதிமன்ற வழக்கு இல்லாமலே சொத்தைக் கைப்பற்றி ஏலத்துக்குப் போகின்றன.

ஆகவே நீதிமன்றப் பொருளுக்கு நான் எழுதுவது ‘மீட்புரிமை அடைப்பு’. வங்கிப் பொருளுக்கு ‘முன்கூட்டிக் கடன் அடைப்பு’ போதும். தமிழில் கடனையும் அடைக்கிறோம், கதவையும் அடைக்கிறோம், அதனால் எதை அடைக்கிறோம் என்று சேர்த்தே எழுத வேண்டும்.

பேச்சில் இதற்கு இன்னும் கூர்மையான சொல் உண்டு. அடகு வைத்த நகையைத் திருப்ப முடியாமல் போனால் “நகை முழுகிப்போச்சு” என்போம். மீட்புரிமை அடைபட்ட சொத்தும் அப்படித்தான், முழுசாகப் போய்விடும். ஏலம் அப்படியல்ல: கடனும் செலவும் போக மிஞ்சுவது, அதன்மேல் வேறு யாருக்கும் உரிமை இல்லையென்றால், கடன் வாங்கியவருக்கே சேர வேண்டும். வீடு ஏலம் போனதை “முழுகிப்போச்சு” என்று நினைத்து அந்தப் பணத்தைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.